கோல் கம்பத்துக்கு நடுவிலிருந்து கோச்சிங்குக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் கடைசி விசில் ஊதி முடித்ததும் மைதான கேட்டில் நாலைந்து பெற்றோர் நிற்பார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் கத்திய தொண்டை, திரும்பத் திரும்பச் சொல்ல ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். 11 வருஷம் ஹேண்ட்பால் கோல்கீப்பராக ஆடினேன், இப்போது 9 வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். கீப்பராக நின்றவள் எழுதுவதால் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

ஹேண்ட்பால்னா கைப்பந்துதானே டீச்சர்?

இல்லை. நம் ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால். ஹேண்ட்பாலை எறிபந்து என்று பத்திரிகையில் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எறிபந்து என்றால் த்ரோபால். "எறிபந்து அணியோடு வரவும்" என்ற ஒரு வரியை நம்பி, த்ரோபால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பள்ளியை எனக்குத் தெரியும். பாவம், வலை எங்கே கட்டியிருக்கிறது என்று தேடினார்கள். அதனால் நான் ஹேண்ட்பால் என்றே சொல்கிறேன், பிள்ளைகளும் அப்படித்தான்.

40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத் தளம். பக்கத்துக்கு 7 பேர், அதில் ஒருத்தி கீப்பர். பெரியவர்களுக்கு 30 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 3 அடி எடுத்து வைக்கலாம், 3 விநாடி வைத்திருக்கலாம். அதற்குள் தட்டவோ கொடுக்கவோ எறியவோ வேண்டும். கோலுக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு. அதற்குள் கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே எறிந்துவிட்டு உள்ளே விழலாம். பாஸ்கெட்பால் ஓட்டம், புட்பால் கோல், கபடியின் உடம்போடு உடம்பு. மூன்றும் சேர்ந்த ஆட்டம் என்று சொன்னால் நம் ஊரில் உடனே புரிந்துவிடும்.

நீங்க ஏன் கீப்பர் ஆனீங்க?

நானாக ஆகவில்லை. சேரன்மகாதேவி பக்கம் எங்கள் பள்ளியில், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பி.டி. சார் டீம் போடக் கூப்பிட்டார். வந்தது சரியாக 7 பேர். ஆறு பேருக்குப் பந்து எறிய வந்தது, எனக்கு வரவில்லை. "ஏட்டி, நீ போய் கம்புக்கு நடுவுல நில்லு. பந்து வந்தா உம்மேல படட்டும், அது போதும்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் கோச்சிங் அந்த ஒரு வரிதான். இப்போது யோசித்தால் அவ்வளவு மோசமான பாடமும் இல்லை. கையை நீட்டிப் பந்தைத் தேடுவதைவிட உடம்பைப் பந்து வரும் வழியில் வைப்பதுதான் கீப்பிங்கில் பாதி.

சார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஹாக்கி ஆடியவர். பள்ளியில் இருந்தது ஹாக்கி கோல்தான். அது 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். ஹேண்ட்பால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். இரண்டு வருஷம் அந்தப் பெரிய வாசலைக் காத்துவிட்டு, முதன்முதலாக வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போய் முறையான கோலில் நின்றேன். பரப்பில் கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர் குறைவு. தலையில் இருந்த விறகுக் கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆடியது நான் பாதி, அந்த 66 சென்டிமீட்டர் பாதி.

27 கோல் விட்டாளாமே, அப்புறம் என்ன கீப்பர்?

எங்கள் ஆச்சி கேட்ட கேள்வி இது. அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். புட்பால் பார்த்த கண்ணுக்கு 27 கோல் என்றால் மானம் போன கணக்கு. ஹேண்ட்பாலில் ஒரு டீம் ஒரு மேட்சில் 25, 30 கோல் போடுவது சாதாரணம். வரும் எறிகளில் 100-க்கு 30 தடுத்தால் கீப்பர் நன்றாக ஆடினாள் என்று அர்த்தம், 40 தடுத்தால் பெரும்பாலும் அந்த டீம் ஜெயிக்கும். உலகத்தின் ஆகச் சிறந்த கீப்பர்களுக்கும் கணக்கு இதுதான். அந்த 27 கோல் மேட்சில் நாங்கள் 31 போட்டோம். முடிந்ததும் என்னைத் தோளில் தூக்கினார்கள். ஆச்சிக்கு அதுவும் புரியவில்லை. "27 விட்டவளை எதுக்கு தூக்குதாவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகளிடம் நான் கோல் எண்ணிக்கையைச் சொல்வதே இல்லை. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த மூலைக்குப் போனது, நீ நகர்ந்தது பந்து கையை விட்டபிறகா அதற்கு முன்னாலா. இந்த மூன்று மட்டும் எழுதுவோம். ஒரு மாதம் எழுதினால் அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும், இடது காலுக்குக் கீழே போகும் பந்துதான் தன்னுடைய சங்கடம் என்று.

பந்து மூஞ்சியில படாதா?

படும். படாது என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன். பெண்கள் ஆடும் பந்து 325 முதல் 375 கிராம், ஆண்களுக்கு 425 முதல் 475 கிராம். முகத்தில் பட்டால் கண்ணில் பூச்சி பறக்கும். இப்போது விதி கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து, எதிரே தடுக்க ஆளில்லாமல் எறிகிறவர் கீப்பரின் தலையில் அடித்தால் அவருக்கு 2 நிமிஷம் வெளியே. கீப்பர் மட்டும் எதிரே நிற்க, 7 மீட்டர் தூரத்திலிருந்து எறியும் பெனால்டியில் அசையாமல் நிற்கும் கீப்பரின் தலையில் அடித்தால், முன்பிருந்தே, ஆட்டத்தை விட்டே வெளியே. கீப்பர் பந்தை நோக்கித் தலையைக் கொண்டுபோயிருந்தால் இது செல்லாது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று மாதம் புதுக் கீப்பருக்கு ரப்பர் பந்துதான். கண்ணை மூடாமல் நிற்கப் பழகியபிறகுதான் தோல் பந்து. அவசரப்பட்டு முதல் வாரமே பெரிய பிள்ளைகளை எறியவிட்டு ஒரு நல்ல கீப்பரை நான் இழந்திருக்கிறேன். அவள் இப்போது கேரம் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள்.

அவ்வளவு வேகமா வர்ற பந்தை எப்படிப் பாத்துத் தடுக்கிறது?

பார்த்துத் தடுக்க முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நன்றாக ஆடும் ஆண்கள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் எறிவார்கள். 100 என்றே வைத்துக்கொள்வோம், விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். 9 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பிய பந்து கோலுக்கு வந்து சேர 0.32 விநாடி. கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசையத் தொடங்குவதற்கே 0.2 விநாடி ஓடிவிடும். மிச்சம் இருப்பதில் ஓரத்துக்குப் போன பந்தை எட்டுவது கஷ்டம். 6 மீட்டரில் குதித்து எறிந்தால் கணக்கே போட வேண்டாம்.

அப்படியானால் கீப்பர் செய்வது என்ன? பந்து கையை விடுவதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிடுகிறாள். எறிகிறவளின் தோள் எங்கே திறக்கிறது, ஊன்றும் கால் எந்தப் பக்கம் பார்க்கிறது, முழங்கை உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா, தடுக்கும் பிள்ளை எந்தப் பக்கத்தை அடைத்திருக்கிறாள் என்று பார்க்கிறாள். மிச்சப் பாதி, நிற்கும் இடம்.

இதை விளக்க நான் கிணற்றுக் கயிறு வைத்திருக்கிறேன். இரண்டு கம்பத்திலும் கயிற்றைக் கட்டி, இரண்டு முனையையும் 7 மீட்டர் கோட்டில் ஒரு முளையில் சேர்த்துக் கட்டிவிடுவேன். கோலை அடியாக வைத்து ஒரு முக்கோணம். இப்போது கீப்பரைக் கோல் கோட்டில் நிற்கச் சொன்னால் அவள் காக்க வேண்டியது முழு 3 மீட்டர். ஒரு மீட்டர் முன்னால் வரச் சொன்னால் கயிறுகளுக்கு நடுவே இடைவெளி 2.57 மீட்டர். 7 மீட்டர் எறிக்கு கீப்பர் 4 மீட்டர் கோடு வரை முன்னால் வரலாம் என்பது விதி. அங்கே வந்து நின்றால் இடைவெளி 1.29 மீட்டர்தான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையை விரித்தாலே இரண்டு கயிறும் தொட்டுவிடும். அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் வடிவொத்த முக்கோணம் என்று சொல்லித் தூங்க வைத்த விஷயம், அங்கே கையில் தட்டுப்படும்.

உடனே ஒருத்தி கேட்பாள்: "அப்போ எப்பவும் முன்னாலயே நிக்கலாமே அக்கா?" நிற்கலாம், தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கயிறு அகலத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. ஒரு அடி முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற அந்தச் சின்ன சூதாட்டத்தில்தான் 11 வருஷம் ஓடியது.

கையுறை போடுவதில்லை. பந்தைப் பிடிக்கவும் முயல்வதில்லை, திருப்பிவிட்டால் போதும். கீப்பர் தன் எல்லைக்குள் காலாலும் தடுக்கலாம். மற்றவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் தப்பு.

கீப்பரா இருந்தவங்க முழு டீமுக்கும் கோச் பண்ண முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், ஒரு பாதி மற்றவர்களைவிட நன்றாகவே முடியும். இன்னொரு பாதியைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

நன்றாக முடிவது ஏன் என்றால், தளத்தில் 14 பேர் நிற்கும்போது மற்ற 13 பேரும் எதிரே தெரிவது கீப்பருக்குத்தான். விங்கில் ஓடுகிறவளுக்கு அவள் ஓரம்தான் உலகம். பிவட் எதிராளிகளுக்கு நடுவே கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள், அவளுக்குத் தன் பின்னால் நடப்பது தெரியாது. கீப்பர் வருஷக்கணக்கில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், பார்த்ததைக் கத்திச் சொல்லவும் செய்கிறாள். "வலது பக்கம் ஆள் விட்டுட்டே", "பிவட் பின்னால வாரா", "கை தூக்கு". கோச் பெஞ்சிலிருந்து செய்வதும் அதேதான். இடம் மட்டும் மாறியது.

தடுப்பாட்டம் எங்களுக்குக் கைவந்தது. 6-0 என்று ஆறு பேரையும் கோட்டில் வரிசையாக நிறுத்துவதா, 5-1 என்று ஒருத்தியை முன்னால் அனுப்பி அவர்களுடைய சென்டரைத் தொந்தரவு செய்வதா, 3-2-1 என்று மூன்று அடுக்காகப் போவதா என்பதையெல்லாம் கோலுக்குள் நின்றே உடம்பால் படித்தாயிற்று. தடுக்கும் பிள்ளை ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கம் என்னுடையது என்ற ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் கீப்பரும் பிழைக்க முடியாது.

வராதது? எறிவது. நான் கோலுக்குப் போனதே எறிய வராததால்தான். முதல் இரண்டு வருஷம் என் டீம்கள் யாரிடமும் அதிகக் கோல் வாங்கவில்லை, போடவும் இல்லை. 14-15, 11-12 என்று ஒற்றைக் கோலில் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் திரும்பி வரும் பஸ்ஸில் பிவட் ஆடும் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க கோல் விடாம இருக்கத்தான் சொல்லித் தாரீங்க. போடுறதுக்குச் சொல்லித் தரலியே." பஸ் ஜங்ஷன் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எறியப் படித்தேன். மூன்று அடி எடுத்துக் குதிக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். சிரித்தார்கள். ஆனால் ஒன்று புரிந்தது: எறிகிறவளும் கீப்பரைப் பார்த்து பயப்படுகிறாள். கோலுக்குள் நின்ற காலத்தில் எனக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் பத்து கோல் தடுத்திருப்பேன்.

இன்னொரு குறையும் உண்டு. கீப்பரை மாற்றுவதில் நான் தாமதம். ஒரு பிள்ளை வரிசையாக ஏழு கோல் விட்டால் மற்ற கோச் உடனே அடுத்தவளை அனுப்பிவிடுவார். எனக்கு அந்த நடையை நடந்து பெஞ்சுக்கு வந்த ஞாபகம் வந்துவிடும். இதனால் தோற்ற மேட்சுகள் உண்டு. பெனால்டிக்கு மட்டும் இன்னொருத்தியை அனுப்புவது, பிறகு பழையவளையே திரும்ப விடுவது என்று ஒரு நடுவழி வைத்திருக்கிறேன்.

உலகத்துல இப்படி யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஸ்வீடன் 1990-ல் உலகக் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் கீப்பராக இருந்தவர் மாட்ஸ் ஓல்சன். பிறகு நார்வே பெண்கள் அணிக்குக் கீப்பர் பயிற்சியாளராகப் பல வருஷம் இருந்தார். அந்த அணியின் கத்ரீனே லுண்டே 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு 2024 பாரிஸிலும் தங்கம் வாங்கினார், 44 வயசில். 2005-ல் உலகின் சிறந்த வீரராகத் தேர்வான அர்பாத் ஸ்டெர்பிக், தான் ஆடிய ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் கிளப்பிலேயே கீப்பர் பயிற்சியாளர் ஆனார்.

கீப்பர்களில் எனக்குப் பிடித்தவர் ஆந்த்ரே லாவ்ரோவ். 1988-ல் சோவியத், 1992-ல் அது உடைந்தபிறகு ஒருங்கிணைந்த அணி, 2000-ல் ரஷ்யா என்று மூன்று வேறு கொடிகளின் கீழ் மூன்று ஒலிம்பிக் தங்கம். 2004-ல் 42 வயசில் வெண்கலம். கீப்பருக்கு வயசு ஏற ஏற ஆட்டம் ஏறும் என்பதற்கு இவர்கள் சாட்சி. ஓட்டம் குறையும், படிப்பது கூடும்.

இந்தியாவில் கூட்டமைப்பு தொடங்கியதே 1972-ல்தான். அதே வருஷம்தான் உள்ளரங்க ஹேண்ட்பால் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு நுழைந்தது, பெண்களுக்கு 1976-ல். நம் ஜூனியர் பெண்கள் 2022-ல் கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஆசியப் பட்டம் வாங்கினார்கள். 2023-ல் ஜெய்ப்பூரில் ஆண்களுக்கான பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. ஆறு அணிகள், தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை.

நானும் கோச் ஆகணும்னா என்ன படிக்கணும்?

ஆடிய சான்றிதழ் முதலில். பிறகு ஒரு டிகிரி, அதற்குமேல் உடற்கல்வி ஆசிரியர் படிப்பான இரண்டு வருஷ பி.பி.எட். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் திருச்செந்தூர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரிக்குப் போகிறார்கள். சென்னைக்குப் போக முடிந்தால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2005-ல் தொடங்கியது. பி.பி.எட். முடித்தால் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு விளையாட்டுக்கென்றே பயிற்சியாளராக வேண்டுமென்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. எல்லோரும் சுருக்கமாக "என்.ஐ.எஸ். முடிச்சிருக்கியா?" என்றுதான் கேட்பார்கள். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு.

படிப்பைவிட எனக்கு உதவியது, ஆடிக்கொண்டிருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. நமக்குத் தெரியும் என்று நினைப்பதில் எவ்வளவு நமக்கே தெரியாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போதுதான் வெளிவரும்.

இதுல வேலை கிடைக்குமா?

மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே போனில் கேட்டார்: "ஆயிரம் பீடி சுத்துனா இன்னைக்குக் காசு. இதுல எப்போ காசு டீச்சர்?" மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஹேண்ட்பால் ஆடியே சம்பாதிப்பவர்கள் நம் ஊரில் இல்லை. கிடைப்பது படிப்பும், அதன் வழியாக வேலையும். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், சில கல்லூரிகளில் கட்டணமும் விடுதியும் இலவசம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்று 500 இடங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். ரயில்வே, போலீஸ் தனி. எல்லாச் சான்றிதழும் எல்லா இடத்திலும் செல்லாது. சோனல் எனும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்த சான்றிதழ் சுவரில் மாட்டத்தான். மாநில அணிக்காகத் தேசியப் போட்டி, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இவைதான் எடை உள்ளவை.

சான்றிதழ் கையில் வாங்கிய அன்றே பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். என் மாநிலச் சான்றிதழில் இன்ஷியல் மாறிப்போயிருந்தது. அதைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்தேன். அதற்குள் நான் விண்ணப்பித்த வேலைக்குத் தேதி முடிந்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் கதவோரம் உட்கார்ந்து போய் வந்த அந்த ராத்திரிகளைவிட 7 மீட்டர் பெனால்டி சுலபம்.

கீப்பருக்கு உயரம் வேணுமா?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. இடுப்பு வளைய வேண்டும், கால் விரிய வேண்டும், மூளை சளைக்கக் கூடாது.

பொம்பளப் பிள்ளைக்கு இது சரிவருமா?

கேள்வியின் உள்ளே இருப்பது உடை என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் அரை டிரவுசரில் ஆடுவார்கள், கீப்பர் முழுக்கை சட்டையும் முழு ட்ராக் பேண்டும் போடுவாள். தோல் உரியாமல் இருக்கத்தான். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே மகளைக் கீப்பராக்கச் சம்மதித்த அம்மாக்கள் உண்டு. எங்கள் ஊரில் பெண் கீப்பர்களுக்குப் பஞ்சம் இல்லாததன் ரகசியம் இதுதான் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

உடையைவிடக் கஷ்டமானது குரல். "பொம்பளப் பிள்ள சத்தம் வெளிய கேக்கக் கூடாது" என்று வளர்த்த பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்தி 40 மீட்டருக்குக் கேட்கக் கத்தச் சொல்கிறோம். முதல் வாரம் காற்றுதான் வரும். நான் அவளை மைதானத்தின் ஒரு மூலையிலும் அவள் தோழியை மறு மூலையிலும் நிறுத்தி, நடுவில் மற்றவர்களை ஓடவிட்டு, வீட்டுப் பாடத்தைச் சத்தமாகக் கேட்டு எழுதச் சொல்வேன். பத்து நாளில் குரல் திறந்துவிடும். ஒரு அப்பா வந்து, "டீச்சர், இப்போ வீட்டுலயும் கத்துதா, உங்களாலதான்" என்றார். குறையா பெருமையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதவிடாய் நாட்களில் பிள்ளை விரும்பினால் ஆடலாம், வேண்டாம் என்றால் ஸ்கோர் எழுதலாம். காரணம் கேட்க மாட்டேன்.

முட்டி போயிருமாமே?

ஹேண்ட்பாலில் முழங்கால் காயம் நிஜம். குதித்து இறங்கி சட்டென்று திரும்பும் ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு, பெண்களுக்குக் கூடுதல். ஆனால் குறைக்க வழி இருக்கிறது. நார்வேயில் 15 முதல் 17 வயசு வரை ஹேண்ட்பால் ஆடும் 1,837 பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஓட்டம், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து இறங்கும் முறை, தொடை வலு என்று 15 முதல் 20 நிமிஷ வார்ம்-அப் செய்த குழுவில் காலில் ஏற்படும் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதனால்தான் என் மைதானத்தில் முதல் 20 நிமிஷம் பந்தே வெளியே வராது. "விளையாட விடாம டிரில் போடுதாவ" என்று புகார் வரும். வரட்டும்.

கீப்பர்களுக்குத் தனிச் சங்கடம் முழங்கை. நீட்டிய கையில் பந்து பட்டுப் பட்டு முழங்கை பின்பக்கம் மடங்கும். நான் ஆட்டத்தை விட்டது அதனால்தான். கையை விறைப்பாக நீட்டாமல் கொஞ்சம் மடக்கி வைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் சொல்லித் தருகிறேன்.

என்ன சாப்பிடக் குடுக்கணும்?

வீட்டில் இருப்பதை. உளுந்தங்களி, முட்டை, கொண்டைக்கடலை, மீன். டப்பாவில் விற்கும் பொடி வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

நம்ம ஊர்ல ஆடுறதும் டிவியில காட்டுறதும் வேற மாதிரி இருக்கே?

அங்கே மரத்தளம், கூரை, பந்து கையில் ஒட்ட விரலில் பிசின். இங்கே செம்மண், வெயில், ஆடிக் காற்று. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இந்தப் பக்கம் வீசும் காற்றில் தூக்கிப் போட்ட பந்து ஒரு முழம் நகர்ந்து விழும். கெட்டதிலும் ஒரு நன்மை, எங்கள் கீப்பர்கள் உயரப் பந்தை யாரையும்விட நன்றாகப் படிப்பார்கள். ஆனால் உள்ளரங்கத்துக்குப் போய்விட்டால் பந்து தரையிலிருந்து எகிறும் வேகத்தைப் பார்த்துத் திகைத்துவிடுவார்கள். அதனால் மாநிலப் போட்டிக்கு முன்னால் ஒரு வாரம் சிமெண்ட் தளத்தில் பழக்குவேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் மைதானத்திலும் முழங்கால் அளவு சகதி. கோடுகளைத் திரும்பப் போட இரண்டு மாதம் ஆனது. கோல் கம்பத்தில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு நிறமாகப் பட்டை அடித்திருப்போம். தண்ணீர் எந்தப் பட்டைவரை ஏறியது என்று பிள்ளைகள் இன்றைக்கும் காட்டுவார்கள்.

டிவியில் கோல் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டும் கேட்கிறார்கள். 2016-ல் வந்த விதி மாற்றம் அது. கீப்பரை வெளியே எடுத்து ஏழாவதாக ஓர் ஆட்டக்காரரைத் தாக்குதலுக்கு அனுப்பலாம். பந்து பறிபோனால் எதிர்க் கீப்பர் தன் கோலிலிருந்தே எறிந்து கோல் போட்டுவிடுவார். எனக்கு இந்த விதி பிடிக்காது, கீப்பர் இல்லாத கோலைப் பார்த்தால் பூட்டாமல் போன வீடு மாதிரி இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

ஆடினது பிடிச்சுதா, கோச்சிங் பிடிச்சிருக்கா?

ஆடினது. கோச்சிங்கில் என் கையில் இருப்பது ஒரு மேட்சுக்கு மூன்று பச்சை அட்டை. மேஜையில் வைத்தால் ஒரு நிமிஷம் பேசலாம். மிச்ச நேரமெல்லாம் பெஞ்சு ஓரத்தில் நின்று, பந்து வரும்போது என் இடது கால் தானாக உயர்வதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டும். பார்த்துவிடுகிறார்கள்.

பிள்ளைய எப்போ கூட்டிட்டு வரலாம்?

திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் 4.30. சனிக்கிழமை காலை 6 மணி. ஆறாம் வகுப்புக்கு மேல் யாரும் வரலாம். கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டில், முடியை இறுக்கிக் கட்ட ரிப்பன், வளையலும் கொலுசும் வேண்டாம். ஆனி, ஆடியில் வந்தால் கண்ணில் மண் விழும், ஒரு துண்டு கொடுத்து அனுப்புங்கள். எறிய வராத பிள்ளையாக இருந்தால் முதல் நாளே என்னிடம் சொல்லுங்கள்.